அந்துப்பூச்சிக் கொட்டகை

விடிகிற ஐந்தரைக்கே அயனம்பாக்கம் ஏரிக்கரைக் கொட்டகையில் இருபத்தொரு பெண்களும் பூச்சி உறிஞ்ச உட்கார்ந்துவிடுவார்கள். அஸ்பெஸ்டாஸ் கூரை சுடத் தொடங்கினால் அந்துப்பூச்சிகள் படபடத்துச் சிறகொடிந்து போகும். அதற்குள் பிடித்தாக வேண்டும்.

கம்பு நொய் நிரப்பிய பூச்சி வளர்ப்புப் பேசின்கள் சுவர் நீளத்துக்கு அடுக்கியிருக்கும். மூடுதுணியைத் துளி விலக்கி, ரப்பர் குழாயின் ஒரு முனையை வாயில் கவ்வி, மறுமுனையைப் பூச்சிமேல் வைத்து ஓர் இழுப்பு. பூச்சி புட்டியில் விழும். குழாய்க்குள் இருந்த வலைத்துணி பூச்சியைத்தான் தடுத்தது. சிறகிலிருந்து உதிர்ந்த சாம்பல் தூளைத் தடுக்கவில்லை. ஒன்பது மணிக்கு எழும்போது புருவம், இமை, நாக்கு எல்லாம் சாம்பல்.

அந்தப் பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத சின்னக் குளவிகளை அவற்றின்மேல் விடுவார்கள். குளவி முட்டைக்குள் முட்டையிடும். அட்டை கரும்புக் காட்டுக்குப் போகும். அங்கே பொரிந்து வரும் குளவிகள் கரும்புப் புழுவைக் கருவிலேயே அழிக்கும். ‘நஞ்சில்லா வேளாண்மை’ என்று வாசலில் பலகை வைத்திருந்தார் முதலாளி டாக்டர் குணசேகரன். பூச்சி ஆராய்ச்சியில் பட்டம் வாங்கியவர். கொட்டகைக்குள் கால் வைத்தால் மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொள்வார்.

ஜெகதாம்பாளை இந்த வேலைக்குக் கூட்டி வந்தது அவள் அக்கா பார்வதம். நாலு வருஷத்தில் அக்காவின் மூச்சு விசில் போல் கூவ ஆரம்பித்தது. முகமூடி கேட்டார்கள். “சொம்மா பவுடர் மாதிரிதான், ஒண்ணும் ஆவாது” என்றான் மேஸ்திரி கஜபதி.

ஐப்பசி மழை நாளொன்றில் பார்வதம் பேசின் வரிசையில் அப்படியே சரிந்தாள். வாய் திறந்திருந்தது, காற்று உள்ளே போகவில்லை. ஜெகதா ஓடிப்போய்க் கதவை இடித்தாள். வெளியே பூட்டு. காட்டுக் குளவி உள்ளே நுழைந்தால் வளர்ப்பெல்லாம் நாசமாகிவிடும் என்று முதலாளி போட்ட சட்டம் அது.

“தொறடா! அக்கா சாவுது!”

“டாக்டர் வராம தொறந்தா என் வேல பூடும்மா” என்றது கஜபதியின் குரல்.

கால்மணி நேரம். இருபது பெண்களின் கைகளும் அந்தத் தகரக் கதவில் சிராய்த்தன. கதவு திறந்து, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் பார்வதத்தின் தலை ஜெகதாவின் மடியில் கனத்துவிட்டது.

மறுநாள் பூமாலையோடு வந்தார் குணசேகரன். “உங்க அக்காவுக்கு ஏற்கெனவே ஆஸ்துமா இருந்திருக்கும்மா. மறைச்சுட்டாங்க” என்றார்.

அந்த ‘மறைச்சுட்டாங்க’ ஜெகதாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அதற்கப்புறம் அவள் அழவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வேலைக்கு வந்தாள். “எப்டிடீ மனசு வந்துச்சு?” என்று கூட வேலை பார்க்கும் சொர்ணம் வாய்விட்டே கேட்டாள். ஜெகதாவின் கூடையில், சோற்றுத் தூக்குக்கு அடியில், மூட்டைப்பூச்சி மருந்துப் புட்டி இருந்தது. ஒரு புட்டி போதும். அந்தக் குணசேகரன் வளர்த்த லட்சம் பூச்சியும் சுருண்டு சாகும். அதை அவன் பார்க்க வேண்டும்; கதவை இடிக்க வேண்டும்; திறக்க ஆளிருக்கக் கூடாது.

மூடியைத் திருகும்போது சொர்ணம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“பூட்ன ரூமுக்குள்ள இத்த ஊத்துனா மொதல்ல சாவறது நாமடி. அவன் இன்னொரு மாலயோட வருவான்.”

“அப்ப அவன சொம்மா உட்றதா?”

“யாரு உடச் சொன்னா?”

ஜெகதா பேசின்களைப் பார்த்தாள். நாலு வருஷ வேலை அவளுக்குச் சொல்லித் தந்தது ஒன்று உண்டு. குளவிக்கு ஆயுசு சில நாள்தான். தினம் புதுமுட்டை கிடைக்காவிட்டால் வம்சமே அற்றுப்போகும்.

“நாம எதையும் கொல்ல வேணாம்க்கா,” என்றாள் மெதுவாக. “கைய வெக்காம இருந்தா போதும்.”

வெளியே வந்ததும் புட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தாள். அன்று வேலை முடிந்து வெளியே போன இருபது பேரில் ஒருவர்கூட மறுநாள் உள்ளே போகவில்லை. கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

எட்டு மணிக்குக் குணசேகரனின் கார் வந்தது.

“என்ன இது? இத்தனை வருஷ ஆராய்ச்சி உள்ள சாகுது!”

“சாவட்டும் சார்.”

“ஜெகதா, நீ புத்திசாலிப் பொண்ணு. உன்னை சூப்பர்வைசர் ஆக்கறேன். இவங்கள உள்ள அனுப்பு.”

“பூட்டு எடுக்கணும். மூச்சு விட ஃபேன் வெக்கணும், முகமூடி குடுக்கணும். எங்கக்கா இந்தத் தூளாலதான் செத்துச்சுன்னு எய்திக் கையெய்த்துப் போடணும்.”

“அது முடியாது.”

“அப்ப நீங்க உள்ள போங்க சார். குழாய் அங்கதான் கீது. வாய்ல வெச்சு இழுங்க. வெளிய நாங்க பூட்டிக்கினு நிக்கிறோம், கால்மணி நேரம். அப்பால வந்து முடியும், முடியாதுன்னு சொல்லுங்க.”

அவர் முகம் வெளிறியது. காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வெளிறல் ஜெகதாவுக்கு இனித்தது. ஆனால் போதவில்லை.

மூன்றாம் நாள் விடியலில், நெமிலிச்சேரிப் பக்கமிருந்து பத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு வேன் வந்தது. போலீஸ்காரர் இருவர் கூட நின்றார்கள். சொர்ணம் கல்லெடுக்கக் குனிந்தாள். ஜெகதா அவளைத் தடுத்து, வேன் சன்னலருகே போனாள்.

“உள்ள இன்னா வேலன்னு சொன்னாங்களா?”

“பூச்சி புடிக்கிறதாம்,” என்றாள் முன்சீட்டில் இருந்த குப்பம்மா. நடுவயசுக்காரி, மண்வேலையில் காய்ந்த கை.

ஜெகதா எல்லாவற்றையும் சொன்னாள். குழாய், தூள், பூட்டு, கதவு, மடியில் கனத்த தலை. எதையும் கூட்டவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

“பூட்டிக்கினா வேல வாங்குனான்?” என்று கேட்டாள் குப்பம்மா. பிறகு சோற்றுத் தூக்கோடு இறங்கினாள். அவள் பின்னால் ஒருத்தி, இன்னொருத்தி. கடைசிப் பெண் தயங்கித் தயங்கி, வயிற்றில் பிள்ளையோடு இறங்கினாள்.

புளியமரத்தடியில் முப்பது பேர் ஆனார்கள். கேட் திறக்கவில்லை. எந்தக் காகிதத்திலும் கையெழுத்து விழவில்லை. உள்ளே குணசேகரன் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார்.

குப்பம்மா கேட்டாள்: “உங்க அக்கா பேரு இன்னாம்மா?”

“பார்வதம்.”

“உரக்கச் சொல்லு. அவனுக்குக் கேக்கட்டும்.”

முப்பது குரல்கள் சொன்னன. உள்ளே கத்தல் நின்றது. அவர்கள் மறுபடி சொன்னார்கள்.