வெள்ளிக்கிழமை ஜெபக் குறிப்பு

ஷீலாவுக்கு வயிறு எரிந்தது. லேசாக இல்லை, கொழுந்துவிட்டு எரிந்தது. வடக்கே ஆகுர்டி ஊர்த் தமிழ்ச் சபையின் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் இத்தனை வருஷமாக முதல் பாட்டை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். போன வருஷம் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கிய அமலா ஒரே ஒரு பாட்டுப் பாடினாள், பாஸ்டர் கவிழ்ந்துவிட்டார். "இனிமே சிஸ்டர் அமலா ஆரம்பிக்கட்டும்" என்றார். அவள் புருஷன் ஜெபகுமாருக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, வாரம் தவறாமல் புதுப்புடவை. அதெல்லாம் போகட்டும், கடவுள் பாட்டையுமா அவளுக்கே கொடுக்க வேண்டும்?

அந்த நேரம் பார்த்துத்தான் ஜெபகுமார் கண்ணில் பட்டான். ஷீலா சப்ஜிக்குக் காய் வாங்கிக்கொண்டு ஸ்டேஷன் வழியாக வந்தாள். நட்டநடுப் பகலில், கழுத்தில் டையும் மடியில் சாப்பாட்டு டப்பாவுமாகப் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"என்ன பிரதர், வேலைக்குப் போகலியா?"

பதறி எழுந்தான். "ஆளக் குறைச்சுட்டாங்க சிஸ்டர். அமலாவுக்குத் தெரியாதுங்க. ரெண்டு தடவ கலைஞ்சு இப்பத்தான் உண்டாயிருக்கா. அதிர்ச்சி கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. வேற வேலை கிடைச்சதும் நானே சொல்லிடறேனுங்க."

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள் ஷீலா.

வீடு வந்து சேருமுன்னே மனசு துள்ளியது. யாரிடமும் போய் வம்பளக்க வேண்டாமே! இன்னாருக்காக ஜெபியுங்கள் என்று ஜெபக் குறிப்பாக எழுந்து நின்று சொன்னால் அது வம்பில்லை, ஆத்தும பாரம். அந்தக் கூட்டத்தில் எத்தனையோ வீட்டுச் சங்கதி அப்படித்தான் கண்ணீரோடு சந்திக்கு வந்திருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை ஜெபம் அமலா வீட்டில். "குறிப்பு உள்ளவங்க சொல்லலாம்" என்றார் பாஸ்டர். ஷீலா முக்காட்டை இழுத்துவிட்டு எழுந்தாள். 'வேலை போன ஒரு சகோதரனுக்காக' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆண்கள் பக்கம் ஜெபகுமாருக்கு முகத்தில் ஈயாடவில்லை. அமலா ஒன்றும் தெரியாமல், வயிற்றில் கைவைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையைப் பார்த்ததும் ஷீலாவுக்குத் தன்னை நினைத்தே பயம் வந்தது. ஆண்டவரே, என் வாயைக் கட்டும் என்று உள்ளுக்குள் கதறினாள்.

"ஒண்ணுமில்ல பாஸ்டர், மறந்துபோச்சு."

உட்கார்ந்து மூச்சுவிடவில்லை, அமலா எழுந்தாள். "நான் ஒண்ணு சொல்றேனுங்க. ஷீலாக்காவுக்கு முன்ன மாதிரி குரல் எழும்ப மாட்டேங்குது. பாட்டு போனதுல முகமே வாடிப்போச்சு. எல்லாரும் பாரத்தோட ஜெபிக்கணுங்க."

"ச்சு ச்சு" என்றார்கள் பெண்கள். அடிப்பாவி! ஷீலாவுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. ஒரே ஒரு வாக்கியம் போதும், இவள் ஆட்டம் அடங்கிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு அதை விழுங்கினாள். விழுங்க விழுங்க மேலே வந்தது.

"சிஸ்டர் ஷீலா, நீங்களே முடிவு ஜெபம் பண்ணுங்க" என்றார் பாஸ்டர்.

குரல் நடுங்கத்தான் செய்தது. "கர்த்தாவே, இங்க யாருக்கு என்ன பாரம்னு உமக்குத் தெரியும். அத நாங்க சொல்ல வேண்டாம். இந்த வீட்டுல உண்டான பிள்ளைய..." எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதோடேதான் சொல்லி முடித்தாள்: "நல்லபடியா கையில கொடும்."

எல்லாருக்கும் முன்னால் ஜெபகுமார் ஆமென் சொன்னான். சொல்லிவிட்டு, கூட்டத்தின் நடுவில் விக்கி விக்கி அழுதான்.