மிதிபடாத பெடல்

தம்பிக்கு அந்தப் பழைய பெடல் மேல் இருந்த மரியாதை கூடப்பிறந்த அக்கா மேல்கூட இருந்ததில்லை. காலால் மிதித்தால் கிட்டாரின் சாதுவான ஓசையை உறுமலாக்குகிற இரும்புப் பெட்டி அது. அவன் பிறப்பதற்கு முன்பே செய்தது. மெல்லிய துணியால் தினமும் துடைப்பான். சாப்பிட்ட தட்டை மட்டும் கழுவ மாட்டான்.

ரேடியோவும், ஓசையைப் பெருக்கிக் கொடுக்கிற ஆம்பும் பழுது பார்ப்பதுதான் அக்காவின் பிழைப்பு. பாட்டின் நடுவில் பெடல் தொண்டை கட்டி விக்குகிறது என்று அவன் கொண்டுவந்தபோது, திறந்து சுத்தம் செய்து, உப்பிப்போன கண்டென்சர்களை மாற்றிப் பற்றவைத்துக் கொடுத்தாள். கடையில் ஜோராக உறுமியது. ஒத்திகைக்குப் போய் விக்கியது. மறுபடி கடைக்கு வந்தது, உறுமியது. மறுபடி போய் விக்கியது.

"உனக்கு ரிப்பேர் பண்ணத் தெரியலக்கா."

"உனக்கு வாசிக்கத் தெரியலடா."

இதற்குள் தம்பி வாசிக்கிற இசைக்குழுவை நடத்துகிற டிரம்மருக்குப் பொறுமை போய்விட்டது. "மெஷின் கோளாறுன்னா பொறுத்துக்கறேன். உன் கோளாறுன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். தம்பி பேயறைந்த முகத்தோடு வந்து நின்றான். அந்தக் குழுவை விட்டால் அவனுக்கு வேறு போக்கிடம் கிடையாது. என்னதான் வாயாடினாலும் அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. கருவிப்பையை மாட்டிக்கொண்டு அவளே ஒத்திகைக்குக் கிளம்பினாள்.

அங்கே தம்பி செய்த முதல் காரியம், பெடலைப் பயபக்தியோடு ஆம்பின் உச்சியில் ஏற்றிவைத்தது. பழைய காலத்துக் கண்ணாடி வால்வு போட்ட ஆம்ப். உள்ளே எரிகிற வால்வுகளின் சூடெல்லாம் வெளியேற அந்த உச்சிதான் வழி.

"அங்க ஏண்டா வெக்கிற?"

"கீழ வெச்சா யாராவது மிதிச்சிடுவாங்கக்கா."

மிதிப்பதற்கென்றே செய்த சாமானை மிதித்துவிடுவார்களாம்! வாசிக்கும்போது அதை முழங்கையால் வேறு அமுக்கினான். அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பெடல் விக்க ஆரம்பித்தது. எடுத்துப் பார்த்தாள், கை சுட்டது. பெடலுக்குள் இருந்த அந்தக் காலத்து டிரான்சிஸ்டர்கள் சூடு தாங்காது, ஆறினால் தானாகச் சரியாகிவிடும். இவ்வளவு நாளும் இந்த மகராசன் அதை அடுப்பில் ஏற்றி அவித்துக்கொண்டிருந்திருக்கிறான்!

டிரம்மர் குச்சிகளைக் கீழே வைத்தார். "என்னக்கா, மெஷினா, ஆளா?"

அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

"மெஷின்தான். நான் பத்தவெச்சது சரியில்ல. தப்பு என்னோடது."

தொழிலுக்கு வந்த நாள் முதல் அவள் சொல்லாத வார்த்தை அது. சொல்லும்போது உடம்பெல்லாம் கூசியது. ஏசி காற்று விழும் மூலையில் போய், எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பெடலின் மூடியைக் கழற்றி, திருப்புளியை இங்கும் அங்கும் ஆட்டி, ஏதோ பெரிய வேலை செய்கிறவள் போல அதை ஆறவைத்தாள். பிறகு கொண்டுவந்து தரையில் வைத்தாள்.

"இனிமே இது தரையிலதான் இருக்கணும். உசரத்துல வெச்சா எர்த் கிடைக்காது."

கேட்கிறவன் கேனயனாக இருந்தால் எதையும் சொல்லலாம். தம்பி பவ்யமாகத் தலையாட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டைவிரல் நுனியால் மிதித்தான். பெடல் உறுமியது. பாட்டுக்குப் பின் பாட்டாக, ஒரு விக்கல் இல்லை.

"நான் அப்பவே சொன்னேன்ல, உனக்கு ரிப்பேர் பண்ணத் தெரியலன்னு!" என்று எல்லார் முன்னாலும் கூவினான்.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். இவனை அந்த ஆம்ப் மேலேயே உட்காரவைத்தால் என்ன என்று தோன்றியது. ஆனால் அவன் சிரித்துச் சிரித்து வாசித்ததைப் பார்த்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது டிரம்மர் வாசல்வரை வந்தார்.

"அக்கா, அந்த ஆம்ப் உச்சிய நானும் தொட்டுப் பாத்தேன். தோசை வாக்கலாம் போல இருக்கு."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அவனை அனுப்பிடாதீங்க."

"சேச்சே, நான் வாயே தெறக்க மாட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டுல ஒரு மிக்ஸி ரொம்ப நாளா ஓடல. மச்சான் வீட்டுலயும் ஒரு ஃபேன் சும்மா கெடக்குது..."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாளைக்குக் கொண்டாங்க," என்றாள்.