சொந்தக்காரருக்கு மட்டும் ஓடாத வண்டி

ஹபீப் முகம்மதுவின் அமெரிக்கக் கார் யார் சாவியைத் திருப்பினாலும் ஸ்டார்ட் ஆகும், ஹபீப் முகம்மது திருப்பினால் மட்டும் ஆகாது. வளைகுடாவில், புஜைராவில் இருக்கிற நம்மாட்கள் எல்லோருக்கும் இது தெரியும். வாங்க வந்த அரபிக்குத்தான் தெரியாது.

ஹபீப் கீழக்கரைக்காரர், துறைமுகத்துக்குப் பின்னால் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தவர். பழைய இரும்புக் கிடங்கில் கோழி அடைந்து கிடந்த அந்த அறுபத்திரண்டாம் மாடல் சொகுசுக் காரை வாங்கிவந்து, ஒன்பது வருஷம் புது மாப்பிள்ளைக்குச் செய்கிற மாதிரி உபசாரம் செய்தார். சீட்டுக்குச் சிவப்புத் தோல், பம்பரில் முகம் பார்த்துத் தலை சீவலாம். நாங்கள் சும்மா இருப்போமா? அடுத்தவன் காரைக் கண்டால் நம்மாளுக்கு இடுப்பு தானாகச் சாயுமே! கூலிங்கிளாஸ் மாட்டி, பானெட்டில் சாய்ந்து போட்டோ எடுத்து, "நம்ம வண்டி" என்று ஊருக்கு அனுப்பினோம். கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிற கார்மேகத்துக்கு அந்தப் போட்டோவால்தான் பெண் கிடைத்தது. யாழ்ப்பாணத்து மார்க்கண்டு தன் மாமனாரிடம் என்னை டிரைவர் என்று சொல்லியிருக்கிறார், வெட்கக்கேடு. எங்கள் அத்தனை பேருக்கும் சாவியைத் தொட்டாலே வண்டி உறுமியது.

ஹபீப் ஒருத்தர்தான் வீட்டில் மாற்றிச் சொன்னவர். மனைவி ரஹீமா பீவி ஊருக்குக் கூப்பிடும்போதெல்லாம், "முதலாளி காரு வேலை முடியல, அந்த ஆளு லீவு தரமாட்டேங்குறான்" என்பார். முதலாளியே அவர்தான். இந்தப் பெருநாளுக்கும் வராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்று பீவி சொன்னதும் மனுஷன் ஆடிப்போனார். கடையைக் கைமாற்றினார், டிக்கெட்டும் போட்டார். கார் மட்டும் பாக்கி. அது போகாமல் அவரும் போகமாட்டார் என்று எங்களுக்குத் தெரியும்.

அரபி வந்தார், சுற்றிப் பார்த்து மயங்கினார். ஹபீப் சாவியைத் திருப்பினார், மூச்சில்லை. கார்மேகம் திருப்பினான், உறுமியது. எல்லோருக்கும் ஓடுது, சொந்தக்கார மாலிக்குக்கு மட்டும் மாஃபி, திருட்டு வண்டியா என்று கேட்டு அரபி கிளம்பப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போன் அடிச்சு உண்மையைச் சொல்லும் ஐசே," என்றார் மார்க்கண்டு. "எங்கட வண்டியெண்டு நாங்கள் சொன்னம், ஓடுது. நீர் சொல்லேல்லையே."

ஹபீப் போனைப் போட்டார். பதற்றத்தில் ஸ்பீக்கரும் விழுந்துவிட்டது. "ரஹீமா, அந்தக் காரு என்னோடது புள்ள."

ஸ்பீக்கரில் பீவியின் குரல் வந்தது. "அப்ப ஒம்பது வருஷமா லீவு தராத முதலாளி யாரு மச்சான்?"

"நான்தான்."

எங்களில் ஒருத்தரும் தலை நிமிரவில்லை. அப்படியொரு முதலாளி எங்கள் எல்லோருக்கும் இருந்தான்.

"சரி," என்றாள் பீவி. "அந்தப் பாவிக்கிட்ட லீவு வாங்கிட்டு வந்து சேருங்க."

ஹபீப் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினார். வண்டி ஓடியது. அரபி பேசிய விலையைக் கொடுத்து, உட்கார்ந்து, தானும் திருப்பினார். மூச்சில்லை. அவரும் வீட்டில் சொல்லாமல் வந்தவர்தான் போல. எங்களை ஒன்றும் கேட்காமல் இறங்கி, போனை எடுத்துக்கொண்டு சுவரோரமாகப் போய், தணிந்த குரலில் பேச ஆரம்பித்தார்.