மின்னல் விழாத பள்ளிக்கூடம்

அமெரிக்காவின் தென்பகுதியில், ஹாட்லி கவுண்டியில் காரை ஓரங்கட்டினால் போதும், ஏதாவது ஒரு வரலாற்றுப் பலகையில் முட்டிக்கொள்ளலாம். யாரோ ஒரு தளபதியின் குதிரை தண்ணீர் குடித்த ஓடைக்கு ஒரு பலகை. அதே தளபதி காய்ச்சலில் படுத்த வீட்டுக்கு இன்னொன்று. குதிரைக்குக் கிடைத்த மரியாதை, அந்த ஓடைக்கரையில் பருத்தி பறித்த மனிதர்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

அதனால்தான், சிடார் ஃபோர்க்கில் கறுப்புப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பலகை வைக்கலாம் என்று கவுண்டி வரலாற்றுக் குழு மனமிரங்கியபோது, வெர்லீன் டக்கில் முதலில் நம்பவில்லை. பள்ளி எரிந்தபோது அவளுக்கு எட்டு வயது. அவளுடைய அம்மாதான் அங்கே ஆசிரியை. பைன் மரங்களுக்கு நடுவே மகளின் வாயைப் பொத்திக்கொண்டு, மண்ணெண்ணெய் டின்னோடு வந்த மூன்று பேரையும் அம்மா பார்த்தாள், வெர்லீனும் பார்த்தாள். சாகும்வரை அம்மாவால் அதை வெளியே சொல்ல முடியவில்லை. வெர்லீன் குழுவிடம் போய்ச் சொன்னாள். "ஆதாரம் இல்லையே" என்றார்கள். பலகை வார்த்து வந்தபோது, அதிலிருந்த எழுத்துகளில் பள்ளிக்கூடத்தின்மேல் மின்னல் விழுந்திருந்தது.

"விடுங்க சிஸ்டர்," என்றார் அவள் போகும் தேவாலயச் சபையின் ஊழியர், டீக்கன் மிம்ஸ். "இத்தனை வருஷம் கழிச்சு ஒரு பலகையாவது வந்துச்சே."

"பொய்யைக் கம்பத்துல ஏத்தி வெச்சா நிஜமாயிடுமா, டீக்கன்?"

மிம்ஸுக்கு வெள்ளைக்காரர் ப்ரூயிட்டின் மர அறுவை மில்லில் வேலை. குழுவின் தலைவரும் அதே ப்ரூயிட்தான்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை முழுக்கச் சாலையோரத்தில் கூடியது. ப்ரூயிட் துணியை இழுத்துப் பலகையைத் திறந்துவைத்தார். தன்னைவிட மூத்தவளைப் பார்த்து, "வெர்லீன், நீயே படிச்சுக் காட்டேன்," என்றார்.

"படிக்கிறேன். ஆனா எங்க சபை வழக்கப்படிதான் படிப்பேன்."

சிடார் ஃபோர்க் சபையில் புத்தகம் பார்த்துப் பாடுவதில்லை. எழுத்து வாசனையே இல்லாத காலத்திலிருந்து ஒருவர் வரி எடுத்துக் கொடுப்பார். சபை அதையே இழுத்து இழுத்துப் பாடும். எடுத்த வரியை அந்தரத்தில் விடுவது அங்கே பெரிய அவமரியாதை.

"இந்த இடத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது," என்று எடுத்தாள் வெர்லீன். சபை பாடியது. ப்ரூயிட் தலையாட்டி ரசித்தார்.

"அதன்மேல் மின்னல் விழவில்லை."

பழக்கதோஷம், சபை அதையும் பாடிவிட்டது. பாடிய பிறகுதான் என்ன பாடினோம் என்று உறைத்தது.

ப்ரூயிட்டின் முகம் சிவந்தது. "ஏய், பலகையில அப்படியா இருக்கு?"

"பலகைய எழுதினது நீங்க. பாட்டு எடுக்கறது நான்." அவள் திரும்பவில்லை. "மூன்று பேர் வந்து கொளுத்தினார்கள்."

இந்த முறை குரல்கள் பாதிதான் வந்தன.

"முதல் ஆள், கிளைட் ப்ரூயிட்."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. கிளைட், தலைவருடைய அப்பா. அந்தக் கூட்டத்தில் பாதி வீட்டு அடுப்பு எரிவது அவர்களுடைய மில்லால்தான். வெர்லீனுக்கு ப்ரூயிட்மேல் வந்த கோபத்தைவிடத் தன் ஜனங்கள்மேல்தான் அதிகக் கோபம் வந்தது. அம்மாவைப்போல இவர்களும் வாயைப் பொத்திக்கொண்டே செத்துப்போவார்களா? அதே வரியை இன்னும் உரக்க எடுத்தாள்.

பின்னாலிருந்து கரகரத்த குரல் ஒன்று, தனியாக, அந்தப் பெயரை இழுத்துப் பாடியது. டீக்கன் மிம்ஸ்.

"மிம்ஸ்!" ப்ரூயிட் கத்தினார். "நீ யார் மில்லுல வேலை பாக்குறேன்னு நினைப்பு இருக்கா?"

"இருக்குங்க. நாளைக்குக் காலைல வருவேன். வேலை இல்லைன்னா அப்பச் சொல்லுங்க."

பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ரெண்டாவது ஆள் பேரை எடுங்க சிஸ்டர்," என்றார்.