புதன்கிழமை யாரும் வரவில்லை

என் மனைவி தெய்வானை காலமான மறு வருடம், 1991இல், என் ஞாபகசக்தியை அளக்க ஒரு பெண் வந்தாள். பெயர் நாச்சம்மை, கிள்ளான்காரி, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தனியாக இருக்கும் நாற்பது கிழங்களைப் பிடித்து, சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்திருந்தாள். இருபது பேர் புதன்தோறும் மண்டபத்தில் கூடி கேரம் ஆடலாம், பேப்பர் படித்து விவாதிக்கலாம். மற்ற இருபது பேர் எப்போதும்போல வீட்டில் இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து யார் மூளை எப்படி என்று பார்ப்பாளாம்.

எனக்குச் சீட்டில் வீடு என்று விழுந்தது. எதிர்வீட்டு நாகையாவுக்கு மண்டபம்.

"பாவம்லா கிராணி நீங்க," என்றார் நாகையா. ரயில்வேயில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா; அவர் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். பென்ஷன் வாங்கியும் அந்தப் பெயர் என்னை விடவில்லை. "எங்களுக்குத் தின்ன சுடச்சுடக் கறிபாப் எல்லாம் உண்டு. உங்களுக்கு சுவருதான்."

அதன்பிறகு ஒவ்வொரு புதன் மாலையும் மண்டபம் முடிந்த கையோடு என் வீட்டுக்குள் நுழைவார். எனக்கென்று ஒரு கறிபாப் கொண்டுவருவார். பாதியை வழியிலேயே தின்றிருப்பார். அங்கே செய்த பயிற்சியை எல்லாம் என்மேல் ஏவுவார்.

"கிள்ளான்லேர்ந்து கோலாலம்பூர் வரைக்கும் ஸ்டேஷன் பேரெல்லாம் சொல்லுங்க பாப்போம்."

சொன்னேன்.

"பாடாங் ஜாவாவ முழுங்கிட்டீங்க."

"யோவ், சொன்னேன்யா. உங்க காதுதான் அடைச்சிருக்கு."

சாப்பாட்டு நேரம் வரை சண்டை நடக்கும். பிறகு கிளம்பிவிடுவார். அடுத்த வாரம் தோற்கக்கூடாது என்று நான் பேப்பரை விளம்பரம் விடாமல் படித்து வைப்பேன்.

நான்காம் மாதம், ஒரு புதன் மாலை, நாச்சம்மை வந்து சோதித்தாள். அவள் முகம் சரியில்லை.

"அங்கிள், நான் சொன்ன அஞ்சு வார்த்தையில மொதல்ல ரெண்டுதான் ஞாபகம் வச்சிருந்தீங்க. இப்ப அஞ்சும் சொல்றீங்க. வீட்டுலயே இருக்கற உங்களுக்கு ஞாபகம் கூடக்கூடாதே!" தாளைப் புரட்டினாள். "'கடந்த வாரம் உங்களைப் பார்க்க யாராவது வந்தார்களா?' நாலு மாசமும் 'இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க."

"வரலியேம்மா."

அப்போது நாகையா உள்ளே வந்தார். நேரே சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து என் மடியிலிருந்த பேப்பரை உருவினார்.

நாச்சம்மை அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இவரு?"

"இவரா? நாகையா. பார்க்க வரலம்மா, பேப்பர் எடுக்க வருவாரு. சண்டை போட வருவாரு."

நான் பொய் சொல்லவில்லை. பார்க்க வருவதென்றால் நல்ல சட்டை போட்டு, பழம் வாங்கி, உட்காரச் சொன்னபிறகு உட்காருவது. தெய்வானையின் பதினாறாம் நாளுக்குப் பின் அப்படி ஒருவரும் வரவில்லை.

நாகையா தாளை எட்டிப் பார்த்தார். "யாரும் வரலியா? அப்ப நாலு மாசமா நான் யாரு, பூனையா?"

நாச்சம்மை தயங்கினாள். "இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுவரைக்கும் நீங்க இங்க வராம இருந்தா சரி. இல்லாட்டி இவர் பேர அடிக்கணும்."

"அடிக்காதம்மா, நான் வரல," என்றார் நாகையா. "வந்ததே கிராணிக்குத் தெரியல. வராததா தெரியப்போகுது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பேப்பரை மடித்து என் மடியில் திரும்ப வைத்தார். எடுத்த பேப்பரை அவர் திருப்பிக் கொடுத்ததே இல்லை. இரண்டு மாதத்தை வாரமாக எண்ணிப் பார்த்தேன். எட்டுப் புதன்கிழமை.

"பேனாவக் குடும்மா," என்றேன். என் பெயரை நானே அடித்தேன். ஆபீஸ் தாளில் அடித்தால் பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டுமல்லவா, அதையும் போட்டேன்.

"நாப்பது தாள்ல நல்லா வந்தது இது ஒண்ணுதான் அங்கிள்," என்று அவள் சிரித்தபடியே எடுத்துக்கொண்டு போனாள்.

"ஃபெயிலா?" என்றார் நாகையா.

"ஃபெயில்."

"மண்டபமும் கெடையாது, ஆராய்ச்சியும் கெடையாது. இனிமே என்ன பண்ணப்போறீங்க?"

"உட்காருங்கய்யா. ஒரு ஆளுக்குத்தான் சோறு வடிச்சிருக்கேன். பாதிப் பாதி."

அன்றுதான் நாகையா முதல்முறையாக என் வீட்டில் சாப்பிட்டார். ரசத்தில் உப்பில்லை என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.