பலகை முழுக்க மணியம்

யோங் பெங் டயாலிசிஸ் நிலையத்தில் நான் நிரல் எழுதிய மின்பலகைக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. சுவரில் எட்டுப் பேரின் வரிசை தெரிய வேண்டும். திடீரென்று முதல் பெயருக்குக் கீழே ஏழும் ‘மணியம்’ ஆகிவிடும். இந்த வாரம் இரண்டு முறை ஆகிவிட்டது. இன்று மதியத்துக்குள் சரியாகாவிட்டால் பலகையைக் கழற்றிவிடுவார்கள். வேலையில் சேர்ந்து இரண்டே மாதமான என்னையும் எங்கள் கம்பெனி முதலாளி லோகேஸ்வரன் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டேன். முதல் பெயரை அழைத்தால் மற்றவை ஒழுங்காக மேலே ஏறின. இருபது முறை பார்த்தேன், இருபதும் சரி. ஆபீஸ் கணினியிலும் சரி. மணியத்தின் மேல் மட்டும் இந்தச் சனியனுக்கு அப்படி என்ன பாசம்? எனக்கு அழுகையே வந்தது.

பத்து மணிக்கு நோயாளிகள் வந்தார்கள். முதல் ஆள் மணியம், எழுபது வயதிருக்கும். எட்டாவது ஆளாகச் சக்கர நாற்காலியில் ஓர் அம்மா வந்ததும் மணியம் எழுந்தார்.

“மிஸ்ஸி, வெள்ளையம்மாவ முன்னுக்குப் போடுங்க. நான் அப்புறம் போறேன்லா.”

தாதி ஃபரீஹா ‘முன்னே’ பொத்தானை அமுக்கினார். மேலே வெள்ளையம்மா. கீழே ஏழு மணியம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெம்காப்பி! நினைவகத்தில் ஓரிடத்தில் இருப்பதை இன்னோர் இடத்தில் நகலெடுக்கும் கட்டளை. எல்லாரையும் ஒரு படி இறக்க அதைத்தான் எழுதியிருந்தேன். அது மணியத்தை இரண்டாமவர் மேல் எழுதி, அந்த மணியத்தையே மூன்றாமவர் மேல் எழுதி, கடைசிவரை போயிருக்கிறது. எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் இப்படி ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், எதையும் அழிக்காமல் நகர்த்தும் மெம்மூவ் கட்டளையைப் போட வேண்டும். ஆபீஸ் கணினி என் தப்பை மன்னித்துவிட்டது; பலகையின் சில்லு மன்னிக்கவில்லை. இந்தக் காலத்தில் யார் இடம் விடுகிறார்கள் என்று அந்தப் பொத்தானை இங்கே நான் சோதிக்கவே இல்லை.

ஒரு சொல்லை மாற்றினேன். சரியாகிவிட்டது. முதலாளிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

“பட்டனத் தப்பா அமுக்கிட்டாங்கன்னு ரிப்போர்ட்ல எழுதிடு, ஷர்மினி. நம்ம தப்புன்னா உன்ன வச்சிக்க முடியாது.”

பதில் சொல்வதற்குள் மணியம் பக்கத்தில் வந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

“நான் எடம் விட்டதாலதான் மெஷின் கெட்டுப்போச்சாம்மா? இனிமே எழும்ப மாட்டேன்.”

போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னேன்.

“நீங்க எழும்புங்க அங்கிள். தப்பு என்னோடது.”