வெண்டை விதைக்கு ஒரு பாட்டில்

வெண்டை விதை நன்றாகக் காய்ந்துவிட்டது. நகத்தால் அழுத்திப் பார்த்தேன், பதியவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. இன்றைக்கே காற்றுப் புகாமல் அடைக்காவிட்டால் பூஞ்சை பிடித்து எல்லாம் பாழ். என் வீட்டுக்காரர் கையால் நட்ட கடைசிச் செடியின் விதை இது. போனால் போனதுதான்.

அடைக்கக் காலி பாட்டில் இல்லை. அதுதான் இப்போது தொல்லை.

எங்கள் வீட்டில் விதையெல்லாம் அவருடைய மாத்திரை பாட்டிலில்தான். மூடி இறுக்கமாக இருக்கும், உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலம் வேறு. கத்தரி, பாகல், அவரை என்று அலமாரியில் நிற்கின்றன. ஒவ்வொரு பாட்டிலும் எப்போது தீரும் என்று நச்சரிப்பேன். "நான் மாத்திரை முழுங்கறதே உன் விதைக்கு வீடு கட்டத்தான்டி" என்பார். வாய்க்கு மட்டும் மனுஷரிடம் குறைச்சலே கிடையாது.

எலெக்ட்ரீஷியன். விதைக்கு விடும் காயில் நீல ஒயர்த் துண்டைக் கட்டிவைப்பார், நான் பறித்துச் சமைத்துவிடக் கூடாதாம். அவர் போன பிறகும் அந்தக் காய்கள் அதுபாட்டுக்கு முற்றின, வெடித்தன. நான் பறித்தேன், உதிர்த்தேன். அழுகை மட்டும் வரவில்லை. 'வாய்விட்டு அழுதுடு' என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வந்தால் அழமாட்டேனா?

அவருடைய கடைசி பாட்டில் பாதி மாத்திரையோடு கட்டில் பக்கத்தில் இருக்கிறது. வேளாவேளைக்கு, சாப்பாடு ஆனதும், நான்தான் எடுத்துக் கொடுப்பேன்.

"ஜாம் பாட்டில்ல போடுங்க அண்ணி," என்றாள் நாத்தனார். அண்ணன் போனதிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள்.

"அது மூடி லூசு. போன வருஷம் பூசணி விதை மொத்தமும் அதுலதான் நாசமாப் போச்சு."

"அப்ப அந்த மாத்திரைய..."

"என்ன இழுக்கற? கொட்டணும், அவ்வளவுதானே?"

ஒரு காகிதத்தில் கொட்டினேன். வெள்ளை வெள்ளையாக விழுந்தன. அவள் மூக்கை உறிஞ்சினாள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, மரத்துப் போயிருந்தது. விதையைப் போட்டு, மூடியைத் திருகி, குலுக்கிப் பார்த்தேன். அதே சத்தம். பாட்டிலைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

இரண்டு பேரும் சாப்பிட்டோம். தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன். மூடியைத் திறந்து உள்ளங்கையில் தட்டினேன். சாம்பல் நிறத்தில், உருண்டையாக ஒன்று விழுந்தது. கட்டிலில் விரிப்புகூட இல்லை.

நாத்தனார் கதவருகே வந்து நின்றாள்.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"மத்தியானத்துக்கு ஒண்ணுதான்," என்றேன்.